கூத்துக்களமும் கதைக்களமும்: காஞ்சி மண்ணிலிருந்து ஒரு பார்வை

நம் கூத்து மரபில் இடம் எப்போதும் இரட்டையாகவே இருக்கிறது. நடிகர் நிற்பது ஊர்க் கோயில் திடலில். அவர் பாட்டில் வருவது அஸ்தினாபுரத்து அரண்மனை. பார்ப்பவருக்குத் திடலின் புழுதியும் தெரிகிறது, துரியோதனன் சபையும் தெரிகிறது. ஒன்றை மறைத்துத்தான் மற்றதைக் காட்டவேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. இந்த மரபுகளிலிருந்து ஊற்றெடுத்த கதைகளும் காப்பியங்களும் நாவல்களும் இந்த இரட்டை இடத்தை எப்படிக் கையாண்டிருக்கின்றன? நிஜ ஊரையும் கற்பனை உலகையும் எப்படிப் பிணைத்திருக்கின்றன? எங்கே அந்தப் பிணைப்பு உயிரோடு நிற்கிறது, எங்கே வெறும் வர்ணனையாகச் சுருங்கிவிடுகிறது? இந்தக் கட்டுரை ஆராய்வது இதைத்தான்.

இந்தக் கேள்விக்குக் காஞ்சிபுரம் பொருத்தமான தொடக்கம். பட்டுத்தறிக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்ற இந்த ஊரைச் சுற்றி, ஓவியத்தில் ஓர் அரங்கம், காப்பியத்தில் ஓர் அரங்கம், வடமொழி நாடகத்தில் ஒன்று, நாவலில் ஒன்று, இன்றும் விடிய விடிய ஆடப்படும் கூத்தில் ஒன்று என அத்தனையும் சில மைல் தொலைவுக்குள் அடங்கியிருக்கின்றன.

கூரையில் எழுதிய அரங்கம்

வேகவதி ஆற்றைக் கடந்தால் வருவது திருப்பருத்திக்குன்றம். ஜினகாஞ்சி என்பது அதன் பழம்பெயர். இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலில், விஜயநகர அரசின் அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர் 1387-88இல் கட்டிய சங்கீத மண்டபம் இருக்கிறது. இசைக்கென எழுந்த மண்டபம் அது. அதன் கூரையில் ரிஷபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகிய தீர்த்தங்கரர்களின் வரலாறுகள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. காட்சிகளுக்கு அடியில் விளக்க எழுத்துகளும் உண்டு. பல பகுதிகள் மங்கியும் உதிர்ந்தும் போய்விட்டாலும், கதை எந்தத் திசையில் நகர்கிறது என்பதை இன்றும் அண்ணாந்து பின்தொடர முடிகிறது.

அந்தக் கூரையில் நம் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் காட்சி சமவசரணம். தீர்த்தங்கரர் ஞானம் பெற்றதும் அவர் உபதேசிப்பதற்காகத் தேவர்கள் எழுப்பும் மாபெரும் சபை அது. வட்டத்துக்குள் வட்டமாகச் சுற்றுமதில்கள், நான்கு திசைக்கும் வாயில்கள், நடுவில் பீடம். மனிதரும் தேவரும் விலங்குகளும் தத்தம் இடத்தில் அமர்ந்து நடுவை நோக்கியிருக்கிறார்கள். அந்தச் சபையின் சுற்றுகளில் நாட்டியசாலைகள் இருப்பதாகச் சமண நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. ஆக, கல்லால் கட்டிய இசைமண்டபத்தின் தலைக்குமேல் யாரும் கண்ணால் காணாத ஒரு பேரரங்கம் விரிந்திருக்கிறது. கீழே நிற்பவருக்குக் காலடியில் ஊர், தலைக்குமேல் சமவசரணம்.

ரிஷபதேவர் கதையின் திருப்பமும் ஒரு நாட்டிய அரங்கில்தான் நிகழ்கிறது. அரசராக இருந்த அவர் முன்னால் நீலாஞ்சனை என்னும் தேவமங்கை ஆடுகிறாள். ஆடிக்கொண்டிருக்கும்போதே அவள் ஆயுள் முடிகிறது. சபை கலையாதபடி இந்திரன் கணத்தில் வேறொருத்தியை அவ்விடத்தில் நிறுத்துகிறான். சபையில் யாருக்கும் அது தெரியவில்லை. ரிஷபர் மட்டும் கவனித்துவிடுகிறார், துறவு பூணுகிறார். ஆடும் உடலும் அது காட்டும் உருவும் வேறுவேறு என்பதை ஒருவன் கண்டுகொண்ட நொடி, கதை அரண்மனையைவிட்டுக் காட்டுக்குப் போய்விடுகிறது. நாட்டிய அரங்கின் இரட்டைத்தன்மையையே கதையின் அச்சாக்கிய மிகப் பழைய இந்தியக் கற்பனைகளில் இது ஒன்று.

மாதவியின் மேடையும் மகளின் தீவும்

தமிழில் அரங்கை அளந்து காட்டிய முதல் நூல் சிலப்பதிகாரம். அரங்கேற்று காதை மாதவி ஆடிய மேடையின் கணக்கை ஒரு தச்சனின் தெளிவோடு தருகிறது. அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். ஒரு கோல் என்பது இருபத்துநான்கு விரல். மூவகைத் திரைகள், இரண்டு வாயில்கள், தூணின் நிழல் ஆட்டத்தின்மேல் விழாதபடி வைத்த விளக்குகள் எல்லாம் அதில் உண்டு.

அதே மாதவி கடலாடு காதையில் பதினோர் ஆடல்களை ஆடுகிறாள். அங்கே சிலப்பதிகார ஆசிரியர் இளங்கோ ஒவ்வோர் ஆடலுக்கும் ஒரு களம் தருகிறார். கொடுகொட்டி சிவன் சுடுகாட்டில் ஆடியது. துடி முருகன் கடலையே மேடையாகக் கொண்டு ஆடியது. குடம் வாணனின் நகரத் தெருவில் மாயோன் ஆடியது. கடையம் அதே நகரின் வடக்கு வாயில் வயலில் இந்திராணி ஆடியது. ஏழுக்கு எட்டுக் கோல் மேடையில் பயின்ற ஒரு பெண்ணின் உடலுக்குள் சுடுகாடும் கடலும் தெருவும் வயலும் அடுத்தடுத்து வந்துபோகின்றன. மேடையைத் துல்லியமாக அளந்து வைத்த புலவரே, அந்த அளவுக்குள் அடங்காத உலகங்களையும் அங்கே வரவழைக்கிறார். அளவு துல்லியமாக இருப்பதால்தான் அதை மீறிச் செல்லும் கற்பனை நம்மைத் தொடுகிறது. பின்னால் வந்த புனைகதை பலவற்றில் இந்தப் பாடம் மறந்துபோனதைப் பார்க்கப்போகிறோம்.

மாதவியின் மகள் ஆடலைத் துறந்தவள். அவளுடைய கதை காஞ்சியில் முடிகிறது. மணிபல்லவத் தீவில் மணிமேகலை தன் பழம்பிறப்பை அறிகிறாள். அமுதசுரபியும் அவள் கைக்கு அங்கேதான் வருகிறது. பலர் நயினாதீவு என்று கருதும் தீவு அது. பின்னர் அவள் பஞ்சத்தில் தவிக்கும் கச்சிக்கு வரும்போது, மன்னன் இளங்கிள்ளி மணிபல்லவத்துப் பொய்கையையும் பொழிலையும் போலவே தன் நகரில் ஒன்றை அமைத்திருப்பதைக் காண்கிறாள். கடல்நடுத் தீவு ஒன்று காஞ்சி மண்ணில் மறுபடி எழுந்து நிற்கிறது. அந்த இடத்தில்தான் பசித்தவர்களுக்குச் சோறு கிடைக்கிறது. கூத்தர் குலத்தில் பிறந்து கூத்தை மறுத்த பெண்ணின் கதையிலும் கற்பனை இடத்தை நிஜ ஊரின்மேல் பதிக்கும் கூத்தின் வழி தொடர்கிறது. அந்தப் பதிப்பு ஒரு பயனுக்காக நடக்கிறது என்பது மணிமேகலைக் காப்பியத்தின் ஆசிரியர் சாத்தனார் சேர்த்த கூடுதல் பொருள்.

கச்சித் தெருவும் கேரளத்துக் கோயிலும்

ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசம் என்னும் வடமொழி அங்கத நாடகத்தின் களம் காஞ்சித் தெரு. சத்தியசோமன் என்ற காபாலிகனும் அவன் துணைவி தேவசோமையும் கள்மயக்கத்தில் நடக்கிறார்கள். அவன் கபாலம் காணாமல் போகிறது. ஒரு பௌத்த பிக்குமேல் சந்தேகம் விழுகிறது, ஒரு பாசுபதன் நடுவராக வருகிறான், கடைசியில் நாய் கவ்விச்சென்ற கபாலத்தைப் பித்தன் ஒருவன் கொண்டுவருகிறான். இந்த நாடகத்திலும் இரட்டை இடம் உண்டு. கள்ளுக்கடையைக் காணும் காபாலிகன் அதை வேள்விச்சாலையாகவே பார்த்து, ஒவ்வொரு பொருளுக்கும் அங்கே ஓர் இணையைக் கண்டுபிடிக்கிறான். பொருந்தாத இரண்டு இடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதில்தான் அங்கே நகைச்சுவை பிறக்கிறது.

இந்த நாடகம் பிழைத்தது காஞ்சியில் அல்ல. கேரளத்தில் கிடைத்த சுவடிகளைக் கொண்டு த. கணபதி சாஸ்திரி 1917இல் திருவனந்தபுரத்தில் இதைப் பதிப்பித்தார். அங்கே சாக்கியர் என்னும் கூத்துக் குலத்தவர் இதைக் கோயில்களில் ஆடிவந்தார்கள். பிள்ளைப்பேறு வேண்டி நேர்ந்துகொள்ளும் ஆட்டமாகவும் அது இருந்திருக்கிறது. தன் ஊர்த் தெருவைக் கண்முன் வைத்துப் பல்லவ மன்னன் எழுதியது, மலையாளக் கோயிலுக்குள் கற்பனை ஊராக மாறியது. ஒரு தலைமுறையின் நிஜ இடம் இன்னொரு மண்ணில் கற்பனை இடமாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இன்றைய கூத்துக்களம்

இந்தப் பழைய ஆட்டங்களை நாம் ஏடுகளில்தான் அறிகிறோம். காஞ்சி, செய்யாறு, வந்தவாசி, செஞ்சி வட்டாரங்களின் பாரதக் கூத்தை நேரில் காணலாம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பின்னால் பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணைக்காரர்களும் பின்பாட்டுக்காரர்களும். மூன்று பக்கமும் சனங்கள். அரங்கப் பொருள் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் வேஷக்காரர் பாடத் தொடங்கும்போது கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும். கட்டியக்காரன் அவரை எந்த நாட்டு ராசா என்று விசாரிப்பான். பதில் வந்ததும் அந்த இடம் சபையாகிவிடும். களத்தை ஒரு சுற்று சுற்றினால் காடு. இன்னொரு சுற்றில் விராட நகரம். நடுவே கட்டியக்காரன் உள்ளூர்க் கடையையும் விலைவாசியையும் இழுத்துப் பேசிச் சனங்களை ஊருக்கே திரும்பக் கொண்டுவருவான்.

திருவிழா முதிர முதிரக் கற்பனை இடம் மேடையைவிட்டு இறங்கி ஊரைப் பிடித்துக்கொள்கிறது. பகாசூரன் கதையில் பீமன் வண்டியேறித் தெருத்தெருவாகச் சோறு வாங்கப் போகிறான், ஊர் ஏகசக்கரமாகிறது. அர்ச்சுனன் தபசில் உயர நட்ட தபசு மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் திருநீறும் வீசுகிறான். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே காத்திருக்கிறார்கள். கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் திடலில் மல்லாந்து கிடக்கிறான். பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடலைச் சுற்றி ஓடிச் சண்டையிட, தொடை பிளந்து, திரௌபதி கூந்தல் முடிகிறாள். அன்றைய திடல் குருச்சேத்திரமாகவே நடத்தப்படுகிறது. அந்த மண்ணைச் சிலர் வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். பிறகு தீமிதி.

ஆய்வாளர் ஆல்ப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றிய தம் பெருநூலின் முதல் தொகுதிக்குச் செஞ்சியிலிருந்து குருச்சேத்திரம்வரை என்று துணைத்தலைப்பு இட்டது இதனால்தான். புராண நிலமும் வட்டார நிலமும் ஒரே வரைபடத்தில் சேர்ந்துகிடக்கின்றன என்பதை அவர் ஊர் ஊராகப் போய்க் கண்டார். ரிச்சர்டு ஃபிராஸ்கா 1990இல் வெளியிட்ட நூல் ஆட்டத்தின் அமைப்பையும் சடங்கோடு அதற்குள்ள உறவையும் விளக்கியது. ஹன்னே டி புரூயின் இந்தக் கலை காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப வளைந்துகொடுக்கும் ஆற்றலை முன்வைத்தார். சடங்கு நிலம்தான் கூத்தின் உயிர் என்பது ஒரு பார்வை. கலைஞரின் உடலும் பயிற்சியுமே உயிர், களம் மாறலாம் என்பது மற்றொன்று.

இரண்டாவது பார்வைக்கு வலுச் சேர்த்தது காஞ்சி வட்டாரமே. கட்டைக்கூத்துச் சங்கம் 1990இல் உருவானது. பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் 2002இல் காஞ்சிக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம் 2020வரை நடந்தது. பள்ளிப் படிப்போடு கூத்தும் பயின்ற பெண் பிள்ளைகளும் அங்கே வேஷம் கட்டி முழு இரவும் ஆடினார்கள். ஆண்களே ஆடிவந்த களத்தில் பெண்கள் நின்றபோது அந்த நிஜ இடத்தின் விதியே மாறியது.

இலங்கையில் கூத்தின் களமே மாறியது இதற்கு முன்பே நிகழ்ந்தது. மட்டக்களப்பின் வட்டக்களரியில் ஆடப்பட்ட வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர், இராவணேசன் போன்றவை சுருக்கிய மேடை நாடகங்களாயின. நகரத்தார் கூத்தைக் கண்டார்கள். கூத்துக்குப் புதிய மதிப்பு கிடைத்தது. நாற்புறமும் சூழ்ந்திருந்த ஊரோ, இருட்டில் ஒரே பக்கம் அமர்ந்த பார்வையாளராக மாறியது.

நாவல்கள் செய்தது என்ன?

இந்தப் பின்னணியில் புனைகதையைப் பார்க்கலாம். காஞ்சியையும் ஆடலையும் தமிழ் வாசகர் மனதில் சேர்த்து நிறுத்தியது கல்கியின் சிவகாமியின் சபதம். 1944 முதல் 1946 வரை தொடராக வந்த நாவல் அது. கல்கி சிவகாமியை ஆடவைக்கும் இடங்களைக் கவனித்தால் நாவலின் எலும்புக்கூடு தெரியும். காஞ்சி அரண்மனை அரங்கேற்றம் போர்ச் செய்தியால் நின்றுபோகிறது. வாதாபியில் சிறைப்பட்ட மக்களைச் சவுக்கடியிலிருந்து காக்க அவள் நாற்சந்தியில் ஆட நேர்கிறது. முடிவில் ஏகாம்பரநாதர் சந்நிதியில் தன்னை இறைவனுக்கே ஒப்படைத்து ஆடுகிறாள். அரங்கு, தெரு, சந்நிதி என்ற இந்த வரிசையில் ஒரு பெண்ணின் வாழ்வு முழுதும் வந்துவிடுகிறது. நாற்சந்தி ஆட்டம் நம்மை உலுக்குவதற்குக் காரணம், அங்கே கற்பனை இடம் எழ மறுப்பதுதான். அவள் எந்தப் பதத்தை ஆடினாலும் சுற்றி நிற்பது பகைவனின் தெருவாகவே இருக்கிறது. கல்கியின் வரலாற்றைப் பற்றி எத்தனை மாற்றுக் கருத்து இருந்தாலும், இடத்தைக் கதையின் நியாயமாக ஆக்கிய அந்தத் திறமையை மதிக்கவேண்டும்.

ஜெயமோகனின் லங்கா தகனம் என்ற குறுநாவல் கதகளியிலிருந்து பிறந்தது. நொடித்துப்போன ஒரு பெருங்குடும்ப மாளிகையை அண்டி வாழும் ஆசான் அனுமன் வேடத்துக்குத் தன்னைத் தயார்செய்கிறார். வேடம் முதிர முதிர அந்த மாளிகை இலங்கையாகத் தெரியத் தொடங்குகிறது. அவமானமும் பசியும் நிறைந்த நிஜ வீடும் எரியப்போகும் கற்பனை நகரும் நெருங்கிவரும் அந்த விளிம்பில்தான் கதை வாழ்கிறது. படுகளத்தில் கூத்து செய்வதை எழுத்தில் செய்துகாட்டிய ஆக்கம் என்று இதைத் தயக்கமின்றிச் சொல்வேன்.

எஸ். ராமகிருஷ்ணனின் உபபாண்டவம் வேறு வழியில் போகிறது. அதில் ஒரு பயணி அஸ்தினாபுரத்தைத் தேடி நடக்கிறான். பாரதத்தின் ஓரத்து மனிதர்களும் சொல்லப்படாத சம்பவங்களும் எதிர்ப்படுகின்றன. களப்பலியாகும் அரவானை வைத்து அவர் தனி நாடகமும் எழுதியிருக்கிறார். திரௌபதி அம்மன் திருவிழாவில் வளர்ந்த பாரதம் இந்தக் கிளைக்கதைகளில் மூச்சுவிடுகிறது.

ந. முத்துசாமியின் பங்களிப்பு இன்னொரு வகை. புஞ்சை என்னும் தம் ஊரைச் சிறுகதைகளில் ஒவ்வொரு திண்ணையாகக் கட்டியெழுப்பியவர் அவர். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்து அவருடைய அரங்கப் பார்வையையே மாற்றியது. 1977இல் அவருடைய நாடகக் குழுவான கூத்துப்பட்டறை பிறந்தது. அன்று பூட்டிய வண்டி என்ற நூலில் கூத்தைப் பற்றிய தம் சிந்தனைகளைத் தொகுத்தார். அதே புரிசைக் குழுவினர் கப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் கதை ஒன்றைக் கூத்தாக்கியிருக்கிறார்கள். பிரம்மாண்டமான சிறகுகளோடு முற்றத்தில் வந்து விழுந்த கிழவன், லத்தீன் அமெரிக்கக் கடலோரக் கிராமத்தைவிட்டுச் செய்யாற்றுப் பக்கத்துக் களத்துக்கு எளிதாக வந்து சேர்ந்தான். புனைகதை கூத்திடம் வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியும் என்பதை அது காட்டியது.

இந்திய ஆங்கில நாவல்களில் இரண்டை இங்கே சேர்க்கவேண்டும். அருந்ததி ராயின் சின்ன விஷயங்களின் கடவுள் 1997இல் வந்தது. அதில் கதகளிக் கலைஞர்கள் உல்லாச விடுதியின் நீச்சல்குளத்தருகே சுற்றுலாப் பயணிகளுக்காகச் சில நிமிடத் துண்டுகளை ஆடுகிறார்கள். பிறகு அய்மனம் கோயிலுக்கு வந்து தெய்வத்திடம் மன்னிப்புக் கேட்டு இரவு முழுதும் ஆடுகிறார்கள். ஒரே உடல், ஒரே வேடம். இடம் மாறியதும் கலையின் பொருளே மாறிவிடுகிறது. நாவலின் அரசியல் முழுதையும் அந்த இரண்டு இடங்கள் தாங்குகின்றன. 2005இல் வந்த அனிதா நாயரின் மிஸ்ட்ரெஸ் நிளா நதிக்கரை விடுதியைக் களமாக்கி, ஒன்பது சுவைகளின் பெயரால் ஒன்பது பகுதிகளாகத் தன்னை அமைத்துக்கொண்டது. முயற்சி மதிப்புக்குரியது. ஆனால் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் சுவைக்கு விளக்கம் தரும்போது, தெரியாதவருக்கு மரபை அறிமுகப்படுத்தும் கடமை கதையின்மேல் ஏறிவிடுகிறது. பல இடங்களில் அரங்கம் கதையைத் தாங்கும் தளமாக இல்லாமல் அதன் சட்டகமாக நின்றுவிடுகிறது.

எது நிற்கிறது?

இந்த ஆக்கங்களைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் மூன்று வழிகள் தெரிகின்றன. முதல் வழியில் ஆட்டம் கதைக்குள் வரும் ஓர் அழகிய காட்சி. அரிதாரம், விளக்கு, சலங்கை எல்லாம் இருக்கும். அவற்றை எடுத்துவிட்டாலும் கதை நகரும். நம் வாரப் பத்திரிகைக் கதைகளில் நிறையக் கண்டது இதுவே. இரண்டாவது வழியில் ஆட்டத்தின் இலக்கணம் நாவலின் கட்டமைப்பாகிறது. மூன்றாவது வழியில் நிஜ இடமும் கற்பனை இடமும் ஒன்றையொன்று மாற்றுகின்றன. மாளிகை இலங்கையாகிறது, நாற்சந்தி அரங்காக மறுக்கிறது, காஞ்சிக்குள் மணிபல்லவம் எழுகிறது. காலத்தில் நிற்பது இந்த மூன்றாவது வழியே.

அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. நிஜ இடத்தை எழுத்தாளர் துல்லியமாக அறிந்திருக்கவேண்டும். இளங்கோ மேடையைக் கோல் கணக்கில் அறிந்திருந்தார். மகேந்திரவர்மனுக்குத் தன் தலைநகரின் கள்ளுக்கடை தெரிந்திருந்தது. குருச்சேத்திரத்தை எழுத விரும்புகிறவருக்குப் படுகளத்து மண் எந்த ஏரியிலிருந்து வருகிறது, மண்ணுடலைச் செய்கிறவர் யார், தபசு மரத்துக்கு யார் தோப்பிலிருந்து மரம் வருகிறது, வேஷக்காரருக்கு விடியலில் என்ன கூலி கைக்கு வருகிறது என்பதெல்லாம் தெரியவேண்டும். கற்பனையின் உயரம் இந்த அறிவின் ஆழத்தைப் பொறுத்தது.

சடங்கு நிலமா, கலைஞரின் உடலா என்ற ஆய்வாளர் விவாதத்துக்கும் புனைகதை ஒரு பதில் வைத்திருக்கிறது. களம் மாறலாம், புரிசைக் களத்துக்குள் மார்க்வெஸின் கிழவன் வந்ததும் காஞ்சியின் மத்தவிலாசம் கேரளம் போனதும் அதற்குச் சான்று. ஆனால் எந்தக் களமும் கண்ணுக்குத் தெரிகிற, பெயர் சொல்லக்கூடிய ஓர் இடமாக இருக்கவேண்டும். ஊரே இல்லாத பொது மேடையில் ஆடும் கூத்தும், ஊரே இல்லாத பக்கத்தில் எழுதும் கதையும் ஒரே விதமாக வறண்டுபோகின்றன.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். கோயில் பொறுப்பாளர்களும் ஊராட்சிகளும் கூத்துத் திடல்களைக் கட்டடங்களுக்குக் கொடுத்துவிடாமல் காக்கவேண்டும். எழுத வரும் இளைஞர்கள் வரும் சித்திரையில் காஞ்சி வட்டாரத்தில் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் போய், கொடியேற்றம் முதல் தீமிதிவரை தங்கி, பகலில் பிரசங்கமும் இரவில் கூத்தும் கேட்டுவிட்டு எழுத உட்காரவேண்டும். வழியில் திருப்பருத்திக்குன்றம் மண்டபத்திலும் சற்று நேரம் நின்று அந்தக் கூரையைப் பாருங்கள்.